அம்மாவின் மடியில் வைத்த வீடு

அம்மாவுக்குப் பார்வை ஒரே நாளில் போகவில்லை. முதலில் பஸ் நம்பர் தெரியவில்லை என்றாள். பிறகு அரிசியில் கல் தெரியவில்லை. ஒருநாள் காலையில் நான் எதிரிலேயே நின்றுகொண்டிருக்க, "பாப்பா எங்கடா போனா?" என்று அண்ணனைக் கேட்டாள். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரையைச் சர்க்கரை அரித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நான் அப்போதுதான் பி.காம். முடித்திருந்தேன். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக வேலைக்குப் போனார்கள். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அண்ணன் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் இருந்தான். அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி ஞாயிற்றுக்கிழமை வருவான். மிச்சம் இருந்தது நான். அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஊசி போடுவது, தலைக்கு ஊற்றுவது, கையைப் பிடித்துக் கக்கூஸுக்குக் கூட்டிப்போவது என்று ஒவ்வொன்றாக என் கைக்கு வந்து சேர்ந்தது. ஒரு வருடம் போனபின் யோசித்துப் பார்த்தால், மார்க்கெட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர நான் எங்கேயும் போயிருக்கவில்லை.

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. முன்னறை, சமையலறை, அவ்வளவுதான். வாசலில் கிரில் கதவு. சந்து எங்களோடு முடிந்துவிடுவதால் வாசலில் நின்றால் எதிர்ச்சுவர்தான் தெரியும். அம்மா தினமும் காபி குடித்ததும் கிரில் கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் படியில் உட்காருவாள். அவளுக்குத் தெரியாத அந்தச் சுவரைப் பார்த்தபடி நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

கண் ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற அறையில், மேசைமேல் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கண் இருந்தது. பிளாஸ்டிக் கண். இதழ் இதழாகக் கழற்றலாம். அங்கிருந்த பெண் அம்மாவின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, ஒவ்வொரு பாகமாகத் தொட வைத்தாள். அம்மா உள்ளே விரலை விட்டு, பின்பக்கத்து வளைவைத் தடவிப் பார்த்து, "இதுதானா கெட்டுப் போனது?" என்று கேட்டாள். எத்தனையோ டாக்டர்கள் எத்தனையோ தடவை சொல்லியும் புரியாத ஒன்று அந்த நிமிஷம்தான் அவளுக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது.

நான் வெளியே வரும்போது அந்தப் பெண்ணிடம், "இதையெல்லாம் யார் மேடம் செய்யறாங்க?" என்று கேட்டேன். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. யோசித்துவிட்டு, பிரேசர் டவுன் பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறது, அங்கே மாடல் செய்ய ஒரு வருடப் படிப்பு நடத்துகிறார்கள், தன் சொந்தக்காரப் பையன் படித்தான் என்றாள்.

அம்மாவிடம் கேட்டேன். "எத்தினி மணிக்கு போவ, எத்தினி மணிக்கு வருவ?" என்றாள். மதியத்துக்கு மேல் போய் விளக்கு வைக்கும் முன் வந்துவிடுவேன் என்றேன். பக்கத்து வீட்டு ஆபா அதுவரை வந்து உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னாள். ஆபா என்றால் அக்கா. அவர்கள் வீட்டில் உருது பேசுவார்கள், எங்களோடு தமிழ். அவளுடைய பிள்ளைகளெல்லாம் வளர்ந்து தனித்தனியாகப் போய்விட்டார்கள். "போ பேட்டி, நா கீறேன்ல" என்று மகளைக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னாள். அப்படித்தான் சேர்ந்தேன்.

வகுப்பு தரைக்குக் கீழே நடந்தது. முன்பு வண்டி நிறுத்துகிற இடமாக இருந்ததாம். ஜன்னல் கிடையாது. தூசியை இழுக்க ஒரு பெரிய விசிறி சுவரில் ஓடிக்கொண்டே இருக்கும். அக்ரிலிக் ஒட்டுகிற திரவத்தின் இனிப்பு நாற்றம் தலையைக் கிறுகிறுக்க வைக்கும். சன்போர்டு என்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டை, மரத்தூள் பலகை, நுரைக்கட்டி, பட்டி, உப்புத்தாள். முதல் மாதம் முழுக்க நேராக வெட்டுவது மட்டும்தான். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கத்தியை ஒரே சாய்வில் இழுக்க வேண்டும். அழுத்தினால் ஓரம் நசுங்கும், தளர்த்தினால் கத்தி நழுவும். சொல்லிக்கொடுத்த மேடம் கன்னடக்காரர். கார் கம்பெனிகளுக்குக் களிமண்ணில் மாதிரி செய்துகொண்டிருந்தவர். அதிகம் பேசமாட்டார். நம் பின்னால் வந்து நின்று, வெட்டிய துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்துப் பார்த்து, "இன்னொந்து சல" என்று கீழே வைத்துவிடுவார். இன்னொரு தடவை என்று அர்த்தம். எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான முதல் கன்னடச் சொல் அதுதான் என்று சொல்லிச் சிரிப்போம். உண்மையில் எங்களில் பாதிப் பேருக்குக் கன்னடம் வீட்டுப் பேச்சு மாதிரியேதான்.

எனக்கு அந்த வேலை நன்றாக வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. ஆனால் அங்கேயும் நான் முழுதாக இருந்ததில்லை. அம்மாவிடம் பொத்தான் வைத்த போன் ஒன்று இருந்தது. ஒரே பொத்தானை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும்படி வைத்திருந்தேன். ஏன்தான் வைத்தேனோ என்று ஆகிவிட்டது. பசை காய்வதற்குள் இரண்டு துண்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பேன், போன் அடிக்கும். "ஆபா டீ போடப் போனா, இன்னும் வரல." "குக்கர் சத்தம் கேக்குது, நம்ம வீடா பாரு." "மழ வருதா அங்க?" எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப அடிப்பாள். எடுத்தால் கையிலிருந்த சுவர் கோணலாகும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ம், ம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். தரைக்குக் கீழே அந்த அறையில் இருக்கும்போது வீட்டில் மாட்டிக்கொண்டிருப்பேன். வீட்டில் இருக்கும்போது பாதியில் விட்டு வந்த சுவர் ஞாபகத்தில் நிற்கும்.

அடுத்த பிரச்சினை ஒரு படத்தால் வந்தது. ஷாம்பு பாட்டில் ஒன்றின் வடிவத்தை நாங்களே யோசித்து நுரைக்கட்டியில் செதுக்கி, பட்டி பூசி, வெள்ளை அடித்து முடித்திருந்தோம். கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டுமென்று மேடம் எங்களையே பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். நான் பாட்டிலைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தேன். கல்லூரியின் இணையப் பக்கத்தில் அதைப் போட்டு, கீழே 'டிசைன் மாடலிங் மாணவி' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் சந்தில் யாரோ அதைப் பார்த்து யாருக்கோ அனுப்ப, ஓசூரில் அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை.

"மாடலிங் கிளாஸுக்கா போற நீ?" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்.

"மாடல் செய்யற கிளாஸ் அண்ணா. பொருளோட மாடல், கட்டடத்தோட மாடல்."

"அப்போ இது இன்னா?" போனை நீட்டினான்.

அம்மா, "இன்னாடா அது? இன்னா படம்?" என்று இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளால் பார்க்க முடியாததை அவன் வாயால் சொன்னான். "ஷாம்பு விளம்பரத்துக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாம்மா உன் பொண்ணு. சந்து பூரா பாத்துனு கீது."

நான் உள்ளே போய் அந்த நுரைக்கட்டி பாட்டிலையும், அதற்கு முன் செய்த மிக்சி மூடியையும், பாதியில் இருந்த ஒரு சின்ன நாற்காலியையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் நாற்காலியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை. தொழிற்சாலையில் அளவு பார்த்து வேலை செய்கிறவன். நான் சொன்னது உண்மை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் போகும் என்று நினைத்தேன். போகவில்லை.

"மாடலிங்கோ பொம்மையோ, இன்னாவோ ஒண்ணு. அம்மாவ யாரு பாக்குறது?"

"ஆபா பாத்துக்கறாங்க."

"ஆபாவா பெத்தாங்க உன்ன?"

அம்மா, "அவன் சொல்றதும் நாயந்தானே கண்ணு" என்றாள், தணிந்த குரலில்.

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. சந்தும் படமும் ஷாம்பு பாட்டிலும் வெறும் சாக்கு. நான் என்ன படித்தாலும் அவன் கேட்கப்போவது இந்த ஒரு கேள்விதான். ஆபா எங்களுக்கு எந்தக் கடமையும் பட்டவள் அல்ல. அவளுக்கு உடம்பு முடியாமல் போனால் அன்றோடு என் படிப்பு முடிந்துவிடும். அதைச் சொல்லிக் காட்ட அவன் தேவையில்லை, எனக்கே தெரியும்.

இருந்தாலும் போனேன். அந்தச் சமயத்தில் அண்ணனைப் பொம்மசந்திரா யூனிட்டுக்கு மாற்றினார்கள். ரூமைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டான். காலையில் கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கு வரும். இரண்டு பேர் இருந்த வீட்டில் மூன்று பேர் ஆனோம். நான் சமையலறையில் பாயை விரித்துக்கொண்டேன். என் இறுதி வேலையும் அங்கேதான் வளர்ந்தது, சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பலகைமேல். வகுப்பு நேரம் போதாததால் எல்லோருமே வீட்டில் வைத்துத்தான் செய்தார்கள். இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு ஒன்று, கூரை இல்லாமல், மேலிருந்து பார்த்தால் உள்ளே எல்லாம் தெரிகிற மாதிரி. விற்பனை அலுவலகங்களில் வைப்பார்களே, அது. எங்கள் முழு வீடும் அந்த வீட்டின் ஹாலுக்குள் அடங்கிவிடும் என்று செய்துகொண்டிருக்கும்போது கணக்குப் போட்டேன். பிறகு அப்படிக் கணக்குப் போடுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஒரு மதியம் ஆபா தொழப் போன நேரத்தில் அம்மா தனியாக எழுந்து சந்து முனை வரைக்கும் போயிருக்கிறாள். சாக்கடைமேல் போட்ட கல் தட்டி விழுந்து நெற்றியில் வெட்டு. நான் போனை எடுத்தபோது ஆபா அழுதுகொண்டிருந்தாள். பெரிய காயம் இல்லை. ஆனால் அண்ணன் அன்று சாயங்காலமே ஒரு பூட்டு வாங்கிவந்து கிரில் கதவின் கம்பியில் மாட்டினான். "நீ கிளாஸுக்குப் போச்சொல்ல வெளிய பூட்டிட்டு சாவிய ஆபாகிட்ட குடு" என்றான். அம்மாவை வைத்துப் பூட்டமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். அதைப்பற்றி அம்மாவிடம் இருவருமே பேசவில்லை. பூட்டு திறந்தபடியே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது இருப்பதே தெரியாது.

இறுதி மதிப்பீட்டு நாள் நெருங்கியது, ஜூரி என்பார்கள் அதை. முந்தின நாள் ஆபா வந்து, டேனரி ரோட்டில் இருக்கிற மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது, போகிறேன் என்றாள். போகாதே என்று யாரால் சொல்ல முடியும்? அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"நாளைக்கு மட்டும் லீவு போடுண்ணா. மதியம் வந்துருவேன்."

"நா லீவு போட்டா லைன் நிக்கும். நாளைக்கு நீ போவாத."

"நாளைக்குத்தான் ஜூரி. நாளைக்குப் போகலேன்னா ஒரு வருஷமும் வீண்."

அவன் தட்டிலேயே கை கழுவினான். மாடி வீட்டுப் பெண்ணிடம் காலையில் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் நான் உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன். அண்ணன் கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்னச் சத்தம், 'டக்' என்று. முதலில் அது என்னவென்று மனதில் பதியவில்லை. மாடலை எடுத்துப் போக அட்டைப்பெட்டியைத் தேடி முன்னறைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். பூட்டு பூட்டியிருந்தது. சாவி இல்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அணைந்துவிட்டது. தொழிற்சாலை வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று அவன் முன்பே சொல்லியிருக்கிறான். ஆபாவைக் கூப்பிட்டேன், ஆஸ்பத்திரியில் இருந்தாள், பின்னால் யாரோ கத்துகிற சத்தம். ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டேன். சந்தைப் பார்த்துக் கூப்பிடலாம்தான். ஏற்கெனவே ஒருமுறை சந்து பூரா பார்த்தாயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே சுவர். கத்த வேண்டும் போலவும் இருந்தது, அப்படியே உட்கார்ந்து தூங்கிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா காபி குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போலச் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கதவைத் தள்ளினாள். அது அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினாள்.

"இன்னா பாப்பா, துரு பிடிச்சிகிச்சா?"

அவள் கம்பியில் கையை ஓட்டிக்கொண்டே போய்ப் பூட்டைத் தொட்டாள். விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நெடுநேரம் அதை விடவே இல்லை.

"யாரு போட்டா?"

"அண்ணன்."

"நீ போவக் கூடாதுன்னா?"

"ம்."

"நா உள்ள கீறது தெரியும்ல அவனுக்கு?"

"தெரியும்மா."

"என்னையும் சேத்தா பூட்டிட்டுப் போனான்?" அவள் குரல் உயரவில்லை. "ஒரு வார்த்த சொல்லாம? நா இன்னா, ஆடா மாடா?"

அவளுடைய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. பார்க்காத கண்ணும் அழும் என்று அதற்கு முன்பே எனக்குத் தெரியும், இருந்தாலும் அன்றைக்குப் பார்க்க முடியவில்லை. பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன்கிட்ட அறுக்கற சாமான்லாம் கீதில்ல? தெனம் கரகரன்னு அறுப்பியே" என்றாள்.

"அது பிளாஸ்டிக் அறுக்கறதும்மா."

"இரும்ப அறுக்கறது இல்லியா?"

இருந்தது. உலோகத் தகடு வெட்டும் பாடத்துக்காக வாங்கிய ஹாக்ஸா பிளேடு, கைப்பிடியோடு. எடுத்துவந்தேன். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டால் பூட்டின் வளையம் எட்டியது. ஆனால் பிளேடை வைத்து இழுத்தால் பூட்டு கூடவே ஆடியது. பிடி கிடைக்கவில்லை. நாலைந்து தடவை வழுக்கி என் கட்டைவிரலைக் கிழித்தது.

"தள்ளு" என்றாள் அம்மா. இரண்டு கையையும் கம்பிகளின் இடையே வெளியே நீட்டி, பூட்டை இறுக்கிப் பிடித்துக் கதவோடு சேர்த்து அழுத்தினாள். "இப்ப அறு. என் கைய அறுத்துராத."

நான் அறுக்க ஆரம்பித்தேன். மலிவான பூட்டுதான், ஆனால் இரும்பு இரும்புதானே. கொஞ்சம் அறுத்ததும் பிளேடு சூடேறி மாட்டிக்கொள்ளும். நிறுத்தி, தேங்காய் எண்ணெய் தடவி, மறுபடி. அம்மாவின் முகம் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் நெற்றியில் பழைய வெட்டு இன்னும் கறுத்திருந்தது. இரும்புத் தூள் அவள் விரல்களின்மேல் உதிர்ந்துகொண்டே இருந்தது. கை வலிக்கிறதா என்று கேட்டால், "நீ பேசாம வேலயப் பாரு" என்றாள். மாடி வீட்டுப் பெண் படியில் இறங்கி வந்து, எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் மேலே போய்விட்டாள்.

வளையம் கடைசியில் சட்டென்று விட்டுக்கொடுத்தது. அம்மா பூட்டைக் கழற்றிச் சந்தில் எறிந்தாள். அது சாக்கடைக் கல்மேல் விழுந்து உருண்டது.

"நீ போ" என்றாள். ஒரு நொடிதான். பிறகு, "நா மட்டும் இங்க இர்க்கமாட்டேன். என்னையும் இட்னு போ" என்றாள்.

அப்படித்தான் அன்று அம்மாவும் கல்லூரிக்கு வந்தாள். மெயின் ரோட்டில் ஆட்டோ பிடித்தேன். மாடல் பெரிது, பெட்டியோடு உள்ளே நுழையவில்லை. பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, பலகையோடு அம்மாவின் மடியில் வைத்து, நான் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். ட்ரினிட்டி சர்க்கிளில் வண்டிகள் நகரவே இல்லை. மெட்ரோ தூணின் நிழலில் எங்கள் ஆட்டோ நின்றது, முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் வண்டி. நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் டிரைவரின் தோளுக்கு மேலாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அம்மாவின் விரல்கள் மடியில் நகருவதைக் கவனித்தேன்.

"இது இன்னா, செவுரா?"

"ஆமா. தொடாதம்மா, பெயிண்ட் அடிச்சது."

"இது?"

"அது கட்டில்."

விரல் மெல்ல நடந்தது. வாசற்கதவு, ஹால், சோபா, சமையல் மேடை. குளியலறைக்குள் நுழைந்தது, சின்ன வாஷ்பேசினைக் கண்டுபிடித்தது. தொடாதே என்று மறுபடி சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அவள் முகம் ஆஸ்பத்திரியில் அந்தப் பிளாஸ்டிக் கண்ணைத் தொட்டபோது இருந்த மாதிரியே இருந்தது. இத்தனை மாதமாகச் சமையலறையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது.

"யாரு வூடு இது?"

"யாரு வீடும் இல்லம்மா. இந்த மாதிரி கட்டி விப்பாங்க. பாக்கறவங்களுக்காகச் செய்யறது."

"நல்லாக் கீது." இன்னொரு சுற்று விரலை ஓட்டினாள். இரண்டு படுக்கையறையிலும் கட்டிலைத் தொட்டாள். "இதுல நா எங்க படுப்பேன்?"

கேலியாகக் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஏதாவது ஒரு கட்டிலைக் காட்டி "இதோ இங்க" என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வரவில்லை. அந்த வீட்டைச் செய்த மாதங்களில் ஒருநாள்கூட அவளை அதற்குள் நான் வைத்துப் பார்த்ததில்லை. என்னைத்தான் வைத்துப் பார்த்திருக்கிறேன், அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், தனியாக. சிக்னல் விழுந்தது. ஆட்டோ அல்சூர் பக்கம் திரும்பியது. அவள் மறுபடி கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என் முறை கடந்துவிட்டிருந்தது. மேடம் என்னையும், என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிவரும் அம்மாவையும் பார்த்தார். ஒரு ஸ்டூலைக் காலால் சுவரோரம் தள்ளி, "அம்மா, இல்லி குத்கொளி" என்றார். அம்மா உட்கார்ந்தாள். கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். வெளியிலிருந்து ஒருவர் மதிப்பீட்டுக்கு வந்திருந்தார். பீனியாவில் மாடல் ஸ்டூடியோ நடத்துகிறவர், தமிழர்தான்.

மாடலை மேசைமேல் வைத்து விளக்கைப் போட்டதும்தான் எனக்கே தெரிந்தது. வெள்ளை வீடு முழுக்கக் கறுப்பு விரல் தடம். வாசலிலிருந்து ஹால் வழியாக, சுவரோரமாகவே போய், சமையல் மேடை, குளியலறை, இரண்டு கட்டில். அம்மாவின் கையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளும் எண்ணெயும்.

"இது என்னம்மா கறை?" என்றார் அவர்.

என்ன சொல்வது என்று நான் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. "எங்க அம்மா வீட்டைச் சுத்திப் பாத்தாங்க சார்" என்றேன்.

அவர் திரும்பி ஸ்டூலில் இருந்தவளைப் பார்த்தார். அம்மா விசிறிச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அவர் கொஞ்ச நேரம் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, "அளவு சுத்தமா இருக்கு. ஆனா ஃபினிஷிங்குக்கு நான் மார்க் கொடுக்க முடியாது, புரியுதில்ல?" என்றார். புரிகிறது என்றேன். அவர் செய்தது சரிதான். தேறினேன், நடுத்தரமாக.

சாயங்காலம் அண்ணன் வந்தபோது கதவு திறந்திருந்தது. சந்தில் கிடந்த பூட்டை அவன் பார்த்திருக்க வேண்டும். உள்ளே வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றான். நான் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை.

"ஒத்துக்கிறேன்டா, குருடிதான். வாயில்லாதவ இல்ல. இன்னொரு தபா பூட்டணும்னு தோணினா, நீயும் உள்ளாற இருந்துனு பூட்டு" என்றாள் அம்மா.

"ரோட்ல வுயுந்து செத்துட்டா இன்னா பண்றது? யாரு பதில் சொல்றது?" அவன் குரல் உடைந்தது. அவன் அழுவான் என்று நான் நினைத்ததே இல்லை. "தெனம் மெஷின் முன்னால நின்னுனு அதையேதான் நெனச்சினு கீறேன்."

எனக்கு அவன்மேல் கோபத்தை அப்படியே வைத்திருக்க முடியவில்லை, விடவும் முடியவில்லை. அவனும் எங்களைப் போலவே இந்தச் சந்துக்குள் மாட்டிக்கொண்டவன்தான் என்று அன்று தெரிந்தது. ஆனால் பூட்டியது அவன். அதுவும் தெரிந்தது. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்களும் கேட்க வைக்கவில்லை.

பீனியாக்காரர் இரண்டு மாதம் கழித்து மேடம் மூலமாகக் கூப்பிட்டனுப்பினார். மாடலுக்குள் வைக்கிற சின்னச் சாமான்கள் செய்ய ஆள் வேண்டும் என்றார். சோபா, கட்டில், அலமாரி. வீட்டு நிலைமையைச் சொன்னேன். வாரத்தில் மூன்று நாள் வா, மிச்சத்தை வீட்டில் செய் என்றார். அண்ணன் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் செய்தான். காலையில் அவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன்.

"ஊசி போட்டாச்சு. இட்லி மூடி வச்சிருக்கு."

"சரி."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவன் முன்னறையில் படுத்துத் தூங்குவான், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆபா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

மெஜஸ்டிக்கில் இறங்கி மெட்ரோ மாறும்போது, கூட்டம் என்னை இரண்டு பக்கமும் நெருக்கித் தள்ளிக்கொண்டு போகும். மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. அங்கே என்னை யாருக்கும் தேவை இல்லை. ஸ்டூடியோவில் பசை காயும்வரை இரண்டு துண்டையும் நிம்மதியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் திரும்பும்போது ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வேகம் தானாகவே குறைந்துவிடுகிறது. சந்து முனையில் இருக்கும் டீக்கடையில் தேவையில்லாமல் ஒரு டீ வாங்கிக் குடிக்கிறேன். பிறகு உள்ளே போகிறேன்.

போன மாதம் ஸ்டூடியோக்காரர் ஆறு நாளும் வர முடியுமா என்று கேட்டார். பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது, முழுக் குடியிருப்பையும் செய்ய வேண்டும், என்னை ஒரு மேசைக்குப் பொறுப்பாக வைக்கலாம் என்று நினைக்கிறார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இன்னும் கேட்கவில்லை.